"லொகேஷனை ஆஃப் பண்ணிட்டேனே!"

போன வாரம் என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண் இந்த ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னார். தனியாக வசிப்பவர். மாதாமாதம் நடக்கும் ஒரு புகைப்பட வேட்டையில் ஏழு மாதங்களாகப் பங்கெடுத்து வருகிறார். மாதம் பிறந்ததும் பத்துச் சொற்கள் கொண்ட பட்டியல் வரும். மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருத்தமாக ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு நாள் அவருடைய தபால் பெட்டியில் முகவரி எழுதாத ஓர் உறை கிடந்தது. உள்ளே அவரே எடுத்த ஒரு படத்தின் அச்சுப் பிரதி. 'ஜன்னல்' என்ற தலைப்புக்கு அவர் போட்டிருந்த படம். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. உன் வீடு எனக்குத் தெரியும் என்பதை அந்தப் படமே சொல்லிவிட்டது.

நான் டிஜிட்டல் பாதுகாப்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி என்னிடம் வருவது இது முதல் தடவை இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். கேட்டுக் கேட்டு மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்டையில் கலந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 'வட்டம்' என்று ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பவர், அதுவரை கண்ணில் படாத நூறு வட்டங்களைப் பார்ப்பார். நல்ல கேமரா வாங்குவதைவிட இந்தப் பழக்கம் பெரிது. அதனால்தான், இதில் கலந்துகொள்கிறவர்கள் பயந்துபோய் விலகுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

சரி, லொகேஷன் விஷயத்தை முடித்துவிடுவோம். போன் எடுக்கும் படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்புத் தொகுதி இருக்கிறது. 1995-இல் ஜப்பானில் உருவான தரம் அது. நாள், நேரம், கேமரா மாடல், அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் எண்கள் எல்லாம் அதில் பதிவாகும். 2012-இல் பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபி, குவாத்தமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்தது இப்படித்தான். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட படத்தில் ஜிபிஎஸ் எண்கள் அப்படியே இருந்தன. வைரஸ் தடுப்பு மென்பொருள் உலகில் அவ்வளவு பெரிய பெயர் அவர், அவருக்கே நடந்தது. இன்று பெரிய சமூக வலைத்தளங்கள் பலவும் படத்தைப் பிறருக்குக் காட்டும்போது இந்தக் குறிப்புகளை நீக்கிவிடுகின்றன. ஆனால் மின்னஞ்சலில் இணைத்தாலோ, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினாலோ அவை படத்தோடு கூடவே போகும். "தரம் குறையாம ஒரிஜினலா அனுப்புங்க" என்று கேட்கும் வேட்டைக் குழுக்கள் உண்டு, அங்கே கவனம் தேவை. கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்து வையுங்கள். இதில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. லொகேஷனை அணைப்பது கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டைக் கிழிப்பது மாதிரி. சீட்டுதான் போனது, படம் அங்கேயே இருக்கிறதே! உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை யாராவது உங்களிடம் காட்டினால் அடையாளம் தெரியாதா? உடனே தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்தத் தெருப் பக்கமே வந்திராத ஒருவராலும் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் சாட்டிலைட் படமும், தெருவில் நின்று பார்ப்பதுபோலக் காட்டும் தெருமட்டப் படமும் இன்று எல்லார் கையிலும் இலவசமாக இருக்கின்றன. ஒரு கோபுரம், ஒரு வளைவு, ஒரு கூரையின் நிறம், இவ்வளவு போதும். கோப்பில் ஒரு எண்கூட இல்லாவிட்டாலும் படம் தன் இடத்தைச் சொல்லும். நீங்கள் அணைத்தது குறிப்பை மட்டும்தான். கேமரா பார்த்த காட்சி அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அனுமதியோடு, அவர் பொதுவில் போட்டிருந்த எழுபது படங்களையும் வரிசையாகத் திறந்தேன். வீடு எங்கே என்று என்னிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஊர்ப் பெயர் அவருடைய அறிமுகக் குறிப்பிலேயே இருந்தது.

எங்கள் வேலையில் படத்தின் நடுவை முதலில் பார்க்க மாட்டோம். நடுவில் இருப்பது எடுத்தவர் காட்ட நினைத்தது. ஓரங்களில்தான் அவர் கவனிக்காதது இருக்கும்.

'ஜன்னல்' படத்தின் நடுவில் ஒரு தொட்டிச்செடி. இடது ஓரத்தில், மங்கலாக, ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் அதை ஒட்டினாற்போல ஒரு செல்போன் கோபுரமும். இரண்டும் அந்தக் கோணத்தில் சேர்ந்து தெரியும் தெருக்கள் ஓர் ஊரில் நிறைய இருக்காது. 'நிழல்' என்ற தலைப்புக்குப் பால்கனிக் கம்பிகளின் நிழல் வீட்டுக்குள் நீளமாக விழுவதை எடுத்திருந்தார். "மாலை ஐந்தரை, எனக்குப் பிடித்த நேரம்" என்று கீழே அவரே எழுதியிருந்தார். ஆக, பால்கனி மேற்குப் பக்கம். 'மேலிருந்து' என்ற தலைப்பில் கீழே நிற்கும் வண்டிகளின் அளவைப் பார்த்தால் எத்தனையாவது மாடி என்பது கிட்டத்தட்டத் தெரிந்தது.

அப்புறம் ஐந்தாம் மாதத்து 'பிரதிபலிப்பு'. மழை விட்டபின் வாசலில் தேங்கிய தண்ணீர், அதில் வானம், மின்கம்பி, கம்பியில் ஒற்றைப் பறவை. உண்மையிலேயே அழகான படம். தண்ணீரின் கீழ் ஓரத்தில் தலைகீழாக ஏதோ எழுத்து மாதிரி இருந்தது. படத்தை மேல்கீழாகப் புரட்டிப் பெரிதாக்கினேன். கட்டடத்தின் பெயரில் முதல் நான்கு எழுத்துகள் பளிச்சென்று நின்றன. பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் எந்தத் தனி மென்பொருளும் நான் பயன்படுத்தவில்லை, பொறுமை மட்டும்தான் வேண்டியிருந்தது.

இது மிகை என்று தோன்றினால், ஜப்பானில் 2019-இல் வெளிவந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஓர் இளம் பாடகியைப் பின்தொடர்ந்து போய்த் தாக்கிய ஒருவன் கைதானான். அவள் போட்ட செல்ஃபியில் அவள் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையக் காட்சியைப் பெரிதாக்கி, தெருமட்டப் படங்களோடு ஒப்பிட்டு, அந்த நிலையத்தில் காத்திருந்ததாகப் போலீசாரிடம் சொன்னான். அவள் வீடு எது என்பதை அறிய, அவள் வீடியோக்களில் திரைச்சீலையையும் வெளிச்சம் வரும் திசையையும் கவனித்திருக்கிறான். இதில் எதற்கும் அவனுக்கு லொகேஷன் தேவைப்படவில்லை.

வேட்டையில் இந்த ஆபத்து ஏன் கூடுகிறது என்றால், ஒரே ஒரு படம் பெரும்பாலும் எதையும் சொல்லாது. ஆனால் இது மாதாமாதம் நடக்கிறது. பட்டியலை ஒரு தடவை வெளியாள் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். 'ஜன்னல்', 'என் மேஜை', 'சாவி', 'தினமும் கடக்கும் வழி', 'காலை ஏழு மணி', 'மிகப் பழைய பொருள்'. பட்டியல் போட்டவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டார். பார்ப்பவனுக்கோ அது ஒரு கேள்வித்தாள். நீங்கள் ஒவ்வொரு மாதமும் நேரம் தவறாமல், படத்தோடு விடை எழுதிக் கொடுக்கிறீர்கள். "என்னை யார் இவ்வளவு மெனக்கெட்டுத் தேடப் போறாங்க?" என்பார்கள். தேடுகிறவர் யாரோ முகம் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பழகிப் பிரிந்தவர், கோபத்தில் இருப்பவர், உங்கள் ஆல்பத்தை முதல் மாதத்திலிருந்தே பார்த்து வருபவர் என்று யாராகவும் இருக்கலாம்.

'சாவி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லாப் பட்டியலிலும் வருகிறது. சாவியின் ரகசியம் அதன் வெட்டுகளின் ஆழத்தில்தான் இருக்கிறது, அது படத்தில் அப்படியே தெரியும். 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், சாவியின் படத்தை மட்டும் வைத்து அதன் வெட்டுகளைக் கணக்கிடும் மென்பொருளைச் செய்து காட்டினார்கள். 195 அடி தூரத்தில், மொட்டைமாடியிலிருந்து எடுத்த படமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நீங்கள் மேஜையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், மிக நெருக்கமாக மேக்ரோவில் எடுத்துத் தருகிறீர்கள்! வீட்டுச் சாவியைப் போடவே போடாதீர்கள். பூட்டு தொலைந்துபோன பழைய சாவி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும், துருப்பிடித்த அதுதான் படத்துக்கும் அழகு.

க்ராப் செய்துவிட்டேன், பிளர் செய்துவிட்டேன் என்பதிலும் நிம்மதி வேண்டாம். ஒரு குறிப்பிட்ட போன் வகையின் எடிட்டரில் க்ராப் செய்து வெட்டிய பகுதி கோப்பிலேயே தங்கியிருந்ததையும், அதை மீட்டெடுக்க முடிந்ததையும் 2023 மார்ச்சில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது சரிசெய்யப்பட்டுவிட்டது, ஆனால் அதற்கு முன் அனுப்பியவை அனுப்பியவைதான். படத்தில் தெரியும் எண்களின் மேல் லேசான பிளர் போதாது, முழுக் கறுப்புப் பட்டை வையுங்கள். அதைவிட நல்லது, எடுக்கும்போதே ஓர் அடி நகர்ந்து நில்லுங்கள்.

கைரேகையைப் படத்திலிருந்து திருடுகிறார்கள் என்று சுற்றும் ஃபார்வர்டுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது முடியாத காரியம் இல்லை, ஆனால் சாதாரணமாக உங்களுக்கு நேரப்போவது அது இல்லை. அந்தப் பயத்தில் பாதியையாவது ஜன்னல் மேல் வையுங்கள்.

என்ன செய்யலாம்? எடுத்த அன்றே போடாதீர்கள். வேட்டைக்கு மாதம் முழுக்க அவகாசம் இருக்கிறது, கடைசி நாளில் மொத்தமாகப் போட்டால் உங்கள் நேர ஒழுங்கு யாருக்கும் தெரியாது. வீட்டில் எடுத்தால் உள்நோக்கி எடுங்கள். போடுவதற்கு முன் நான்கு ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பூன், கெட்டில், மூக்குக் கண்ணாடி, அணைத்து வைத்த டிவி என்று பளபளப்பான எதுவும் அறை முழுவதையும் காட்டும். பார்சல் ஒட்டுச்சீட்டு, மருந்துச் சீட்டு, பயணச் சீட்டின் பார்கோடு எதுவும் படத்தில் வேண்டாம். ஐபோனின் லைவ் போட்டோவை அணையுங்கள். அது ஷட்டருக்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி அசைவையும் ஒலியையும் சேர்த்துக்கொள்கிறது. குழந்தைகளின் பள்ளிச் சீருடை, சின்னம், பையிலிருக்கும் பெயர், இவற்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் ஆல்பத்தை முதல் படத்திலிருந்து, முன்பின் தெரியாதவர் பார்ப்பதுபோலப் பாருங்கள். உறுத்துவதை நீக்குங்கள்.

பட்டியல் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'என் ஜன்னல்' என்பதை 'ஒரு ஜன்னல்' என்று மாற்றினால் விளையாட்டு எதையும் இழக்காது. 'என்' என்ற சொல்லை எடுத்துவிட்டாலே பாதி ஆபத்து குறையும். ஆல்பத்தை உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். யாராவது பழைய படத்தை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள்.

அந்தப் பெண் பூட்டை மாற்றிவிட்டார். உறையையும் அச்சுப் பிரதியையும் அதிகம் கைபடாமல் ஒரு பையில் போட்டுப் புகாரோடு காவல்துறையில் கொடுத்திருக்கிறார். விசாரணை நடக்கிறது. வேட்டையை விட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த மாதப் பட்டியலில் 'கதவு' இருக்கிறதாம்.

நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய டைரி அட்டையில் வெட்டிச் செய்த கட்டைவிரல் அளவுக் கதவு, கொஞ்சம் திறந்திருக்க, இடுக்கு வழியாக மேஜை விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக வெளியே விழுகிறது. பெரிதாக்கி நான்கு ஓரங்களையும் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தாள். "போடுங்க" என்று பதில் அனுப்பினேன்.