தொட்டியில் விழும் பரவளையம்

காங்கேயம், பல்லடம் பக்கம் தோட்டத்துக்காரரிடம் "போர்ல தண்ணி எப்படீங்க?" என்று கேட்டால், "ரெண்டு இஞ்ச் வருதுங்க" என்பார். அது குழாயின் அளவு மட்டும்தான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று சொல்ல அது போதாது, வேகமும் வேண்டும். அதற்கு மீட்டர் எதுவும் தேவையில்லை. குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் வளைந்து விழுகிறதே, அந்தப் பரவளையமே சொல்லிவிடும்.

வெளியே வந்த தண்ணீர் முன்பக்கம் ஒரே வேகத்தில் போகிறது. கீழே மட்டும் புவியீர்ப்பு இழுக்கிறது. முன்னே இரண்டு மடங்கு போவதற்குள் நான்கு மடங்கு இறங்கியிருக்கும். 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ நிறுவியது இதைத்தான்.

சரி, டேப்பை எடுங்கள். குழாய் மட்டமாகவும் நிறைந்தும் ஓட வேண்டும். பாதிக் குழாய் ஓடினால் கணக்கு செல்லாது. வாயின் நடுவிலிருந்து 30 செ.மீ. இறங்க ஏறத்தாழ கால் நொடி ஆகும். அதற்குள் தண்ணீர் 50 செ.மீ. எட்டியிருந்தால் வேகம் நொடிக்கு 2 மீட்டர். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. என்றால் நொடிக்கு 4 லிட்டர், நிமிடத்துக்கு சுமார் 240.

அதே இடத்தில் நீரோட்டத்தை ஒட்டி ஒரு நேரான குச்சியைச் சாய்த்துப் பிடியுங்கள். இதுதான் தொடுகோடு. குச்சியின் மேல்முனை குழாய் மட்டத்தை 25 செ.மீ. தூரத்தில், சரிபாதியில் வெட்டும். எந்தப் புள்ளியில் பிடித்தாலும் இந்தப் பாதி மாறாது.

எனக்குப் பிடித்தது பரவளையத்தின் இயக்குவரைதான் (directrix). பாடத்தில் அது எங்கிருந்தோ வந்து நிற்கும் ஒரு கோடு. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. எல்போ மாட்டித் தண்ணீரை அதே வேகத்தில் நேராக மேலே விட்டால் (காற்றுத் தடையை மறந்துவிடுவோம்) 20 செ.மீ. எழும். அந்த உயரத்தில் கிடையாகப் போகும் கோடே இயக்குவரை. வாயை எந்தக் கோணத்தில் திருப்பினாலும், வேகம் மாறாதவரை, எல்லாப் பரவளையங்களுக்கும் அது ஒன்றே.

பரவளையத்துக்கு உள்ளே குவியம் என்று ஒரு புள்ளி உண்டு. பரவளையத்தின் எந்தப் புள்ளிக்கும் இயக்குவரையும் குவியமும் சம தூரம். குழாய் வாய் இயக்குவரைக்கு 20 செ.மீ. கீழே இருக்கிறது. ஆகவே வாயிலிருந்து குவியமும் எப்போதும் 20 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். தண்ணீர் மேலேறி மறுபடி வாய் மட்டத்துக்கு இறங்கும் இடத்திலிருந்தும் அதே 20. வாயை 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்தால் குவியம் வாய் மட்டத்துக்கே வந்துவிடும். இரண்டு 20-உம் ஒரே கோட்டில் சேர்ந்து 40 செ.மீ. ஆகும். வேறு கோணமென்றால் இரண்டும் முக்கோணத்தின் பக்கங்களாக மடங்கிவிடும், தண்ணீர் அவ்வளவு தூரம் எட்டாது.