செர்ரிக் கன்று வாங்கப் போறீங்களா? எந்த செர்ரி என்று முதலில் கேளுங்கள்

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு அம்மா எங்கள் நர்சரிக்குத் தொட்டியோடு வந்தார். ஆன்லைனில் 900 ரூபாய் கொடுத்து வாங்கிய செர்ரி ஒட்டுக்கன்றாம். வந்தபோது ஆறேழு இலை இருந்தது, சித்திரை வெயிலில் எல்லாம் கருகிக் கொட்டி, குச்சிதான் மிச்சம். "தினமும் தண்ணி ஊத்தினேன் தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் கன்றை நம் ஊருக்கு அனுப்பியதுதான் தப்பு.

பழக்கடையில் பெட்டியில் வரும் கருஞ்சிவப்பு செர்ரி குளிர் தேசத்து மரம். நம் நாட்டில் காஷ்மீரிலும் இமாச்சலிலும்தான் அதிகம் விளைகிறது. குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நன்றாகத் தூங்கினால்தான் அது அடுத்த வருடம் ஒழுங்காகப் பூக்கும். அந்தத் தூக்கத்துக்குப் பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 700 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும், குறைந்த குளிரே போதும் என்று உருவாக்கிய ரகங்களுக்குக்கூட சில நூறு மணி நேரம் வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. எந்த உரமும் இதற்கு ஈடாகாது. பழம் தின்ற கொட்டையை ஈர மணலில் போட்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்து முளைக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். முளைக்கும், ஆனால் இங்கே காய்க்காது. இன்னொன்று, அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பை மென்றால் சயனைடு உண்டாகும், குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பேக்கரி பன்னில் இருக்கும் செர்ரி? அதில் பெரும்பாலும் நம் களாக்காய்தான், சர்க்கரைப் பாகில் ஊறவைத்து சாயம் ஏற்றியது.

நம் சமவெளியில் வீட்டில் வைக்க நான் தைரியமாகக் கொடுப்பது பார்படாஸ் செர்ரி. பெயர்தான் செர்ரி, குடும்பம் வேறு. ஓரம் சுருங்கிய இளஞ்சிவப்புப் பூ, லேசாக மூன்று பக்கம் புடைத்த சிவப்புப் பழம், உள்ளே மூன்று விதை, இதை வைத்து அடையாளம் காணலாம். 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 50 பக்கம்தான். அதற்காகக் கைநிறைய அள்ளித் தின்ன வேண்டாம், சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

விதைக்கன்று வேண்டாம், பதியன் கன்றாக, அதாவது தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் காய்க்கும். நிலத்தில் என்றால் ஒன்றரை அடிக் குழி, மாடியில் என்றால் 18 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. புண்ணாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தச் செடிக்குப் பெரிய எதிரி வேரில் முடிச்சு போடும் நூற்புழு, மேலே பார்த்தால் தெரியாது, செடி சும்மா வெளிறி வளராமல் நிற்கும், நாம் உரம் போதவில்லை என்று மேலும் மேலும் உரத்தைக் கொட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் லேசாகத் தோண்டி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வையுங்கள், புண்ணாக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள்.

வேர் மேலாகவே ஓடுவதால் களைக்கொத்தால் ஆழமாகக் கிளறக் கூடாது, காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டுவிடுங்கள். பூவெடுத்தபின் மண் காய்ந்தால் பிஞ்சு கொட்டும். அந்த மூன்று நான்கு வாரம் மட்டும் தண்ணீரில் கவனமாக இருந்தால் போதும், அதற்குள் பழமே வந்துவிடும். பூச்சிமருந்தைப் பூக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள், தேனீ போன்ற பூச்சிகள் வராவிட்டால் காய்ப்பு குறையலாம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து சாயங்காலம் தெளித்தால் அடங்கும். ஒரு காய்ப்பு முடிந்ததும் காய்ந்த, உள்நோக்கி வளரும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள்.

அப்புறம் தேன்பழம், சிங்கப்பூர் செர்ரி என்று விற்கிறார்களே, பள்ளிக்கூட வாசலில் நாம் பொறுக்கித் தின்ற அதே மரம். கிடுகிடுவென வளரும், இரண்டு வருடத்துக்குள் பழம் வரும், குருவிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கட்டை மென்மையானது, பலத்த காற்றில் கிளை முறியும், அதனால் வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 15 அடியாவது தள்ளி வையுங்கள். சின்னக் காம்பவுண்டு வீட்டுக்காரர்கள் கேட்டால் நான் கொடுப்பதே இல்லை. ராத்திரி வௌவால் வரும் மரம் இது. 2018-இல் கேரளாவில் வௌவாலிலிருந்து பரவும் நிபா வைரஸ் வந்ததிலிருந்து கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன், கீழே விழுந்ததையும் கடிபட்டதையும் தொட வேண்டாம், மரத்தில் முழுசாக இருக்கும் பழத்தைப் பறித்துக் கழுவிக் குழந்தைக்குக் கொடுங்கள்.

அந்த அம்மாவின் தொட்டியில் இப்போது பார்படாஸ் பதியன் இருக்கிறது. முதல் பூ வந்துவிட்டதாக நேற்று போட்டோ அனுப்பியிருந்தார்.