மாற்றுச் சாவியைக் கார் எப்படி அடையாளம் காண்கிறது?

பழைய சாவியை மாதிரியாக வைத்து இம்மி பிசகாமல் வெட்டிய புதுச் சாவி, காரின் கதவைத் திறக்கிறது. பூட்டிலும் இலகுவாகத் திரும்புகிறது. ஆனால் எஞ்சின் ஓரிரு நொடி உறுமிவிட்டு அணைந்துபோகிறது, அல்லது உயிர்பெறவே மறுக்கிறது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வெட்டியவர் மீது பிழையில்லை. உலோகப் பற்கள் பொருந்திவிட்டன. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்க வேண்டிய சிப்பைத்தான் கார் அறியவில்லை.

அந்தச் சிப் பல சாவிகளில் அரிசியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் திருப்பியதும், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சிப்போடு இணைந்த நுண்ணிய சுருளில் அந்தப் புலம் தூண்டும் மின்சாரமே சிப் விழித்துப் பதில் சொல்லப் போதுமானது. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்த பின்னும் வண்டி கிளம்புவது இதனால்தான். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் பலவற்றிலும், பேட்டரி தீர்ந்த சாவியை அந்தப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் இதே முறை கைகொடுக்கிறது.

இந்த யோசனையின் முன்னோடி 1986-இல் அமெரிக்காவின் செவர்லே நிறுவனத்தின் கார்வெட் காரில் வந்தது. சாவியில் பதித்த மின்தடையின் அளவை கார் சோதித்தது. இருந்தவை 15 அளவுகள்தான் என்பதால், பொறுமையுள்ள திருடனுக்கு அது பெரிய தடையல்ல. பின்னர் வந்த முதல் தலைமுறைச் சிப்கள் மாறாத ஓர் எண்ணை ஒப்பித்தன. ஒட்டுக்கேட்டால் அதையும் நகலெடுத்துவிடலாம். ஆகவே இன்றைய முறையில் கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்புகிறது. சிப் தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பித் தருகிறது. காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே எரிபொருளை அனுமதிக்கிறது. இரகசிய எண் காற்றில் பயணிப்பதே இல்லை. அதன் நீளமும் முக்கியம்: 40 பிட் (0 அல்லது 1 ஆகிய 40 இலக்கங்கள்) என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள் இருந்தும், அத்தகைய ஒரு சிப்பின் இரகசிய எண்ணை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2005-இல் கண்டுபிடித்துக் காட்டியது.

சாவியை புரோகிராம் செய்வது என்று வழக்கமாகச் சொல்கிறோம். கற்றுக்கொள்வது என்னவோ பெரும்பாலும் கார்தான். ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனைச் செருகியில் கருவியை இணைத்து, அந்த வண்டிக்கே உரிய பாதுகாப்புக் குறியீட்டைக் கொடுத்ததும், சிப்பைச் சோதித்து எஞ்சினை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் இம்மொபிலைசர் பகுதி கற்கும் நிலைக்குச் செல்கிறது. அப்போது பூட்டில் செருகப்படும் சாவியின் அடையாளம் காரின் நினைவகத்தில் பதிவாகிறது. சில வகைகளில் இரகசிய எண்ணும் சிப்பில் எழுதப்பட்டு, மீண்டும் மாற்ற முடியாதபடி பூட்டப்படுகிறது. வேறொரு காரில் பயன்பட்ட பழைய சாவியை மலிவாக வாங்கி ஏமாறுவது இந்த இடத்தில்தான். எல்லாச் சாவிகளும் தொலைந்திருந்தால் வேலை கடினமாகும்: குறியீட்டை உற்பத்தியாளரிடம் பெற வேண்டியிருக்கும், அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி நினைவகச் சிப்பை நேரடியாகப் படிக்க வேண்டியிருக்கும். கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான்கள் தனிக்கதை. அவை 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் போன்ற வேறு அலைவரிசையில் இயங்குவதால், பல வண்டிகளில் தனியே பதிய வேண்டும்.

பல கார்கள் புதுச் சாவியைச் சேர்க்கும்போது பழைய பட்டியலை முழுவதும் அழித்துவிடுகின்றன; அதனால் கையிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுசெல்வது நல்லது. தொலைந்த சாவி பட்டியலிலிருந்து நீங்கிவிட்டால், அதைக் கண்டெடுத்தவரால் எஞ்சினைக் கிளப்ப முடியாது. ஆனால் அதன் உலோகப் பற்கள் கதவை இன்னும் திறக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் பூட்டையே மாற்ற வேண்டும்.