நாலு பேர் குழு, ஒரே ஒருவர் எழுதிய எஸ்க்யூஎல்

"இந்த டேபிளை யாரு டிசைன் பண்ணது?"

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எதிரே நாலு மாணவர்கள், கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை, தலைப்பு 'நூலக மேலாண்மை அமைப்பு'. கேட்ட மாத்திரத்தில் மூன்று பேரின் பார்வையும் நாலாமவரிடம் போய்விடும். அவர் பதில் சொல்லத் தொடங்குவார். மற்றவர்களிடம் திரும்பி, "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்றால், "நான் ரிப்போர்ட் மேடம்", "நான் பிபிடி", "நான் ஃப்ரண்ட் எண்ட்".

டேட்டாபேஸ் நிர்வாகம்தான் என் தொழில்: தரவை டேபிள்களாக வைத்து, எஸ்க்யூஎல் என்ற மொழியில் கேட்டு எடுக்கும் வேலை. பொறியியல் கல்லூரிகளின் மினி ப்ராஜெக்ட்களை மதிப்பிட அவ்வப்போது அழைப்பார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு நேர்முகத் தேர்வும் நடத்துகிறேன். அதனால் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகளையும் பார்க்கிறேன். வைவாவில் "நான் பிபிடி மேடம்" என்று சொன்ன அதே நிலையில்தான், இரண்டு வருடம் கழித்து இன்னொரு பிள்ளை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. மார்க் ஷீட்டில் டிபிஎம்எஸ் என்ற டேட்டாபேஸ் பாடத்துக்கு நல்ல கிரேடு. ஒரு தாளில் இரண்டு டேபிள் வரைந்து கொடுத்து, "ஒரு தடவைகூட நூல் எடுக்காத மாணவர்களைக் கொண்டு வாங்க" என்றால் பேனா நின்றுவிடுகிறது. திறமை இல்லாத பிள்ளைகள் இல்லை இவர்கள். அந்தப் பாடத்தில் அவர்கள் கை படவே இல்லை, அவ்வளவுதான்.

இதைக் குறையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், என் காலத்துக் குழுவில் நானும் அறிக்கை எழுதியவள்தான். முதல் வேலையில் ஓர் ஊழியரின் வங்கிக் கணக்கு எண்ணைத் திருத்தச் சொன்னார்கள். தரவை மாற்றும் அப்டேட் கட்டளையை எழுதினேன், எந்த வரியை மாற்றுவது என்று சொல்லும் 'வேர்' (where) பகுதியை விட்டுவிட்டேன். டேபிளில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கணக்கு எண் ஏறிவிட்டது. முந்தின இரவின் பேக்கப் இருந்ததால் சம்பளம் தப்பியது. சீனியர் திட்டவில்லை. "முதல்ல அதே வேர் பகுதியோட செலக்ட் போட்டுப் பாரும்மா. எத்தனை வரி வருதுன்னு எண்ணு. அப்புறம் டிரான்சாக்ஷனைத் திறந்து அப்டேட் பண்ணு, எண்ணிக்கை ஒத்துப்போனா கமிட் கொடு" என்றார். மூன்று வாக்கியம். (செலக்ட் வரிகளைக் காட்ட மட்டும் செய்யும்; கமிட் கொடுக்கும் வரை மாற்றத்தைத் திரும்பப் பெறலாம்.) கல்லூரி லேபிலேயே என் கையால் ஒருமுறை தப்புச் செய்து பார்த்திருந்தால், அன்றே கற்றிருப்பேன்.

அதற்காகக் குழுவே வேண்டாம், தனித்தனியாகச் செய்யட்டும் என்று நான் சொல்லமாட்டேன். டேட்டாபேஸ் வடிவமைப்பைக் கற்கக் குழுவைவிட நல்ல இடம் கிடையாது. 1970-ல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடலை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துகிறவரின் கவலையாக இருக்கக் கூடாது என்பது அந்தக் கட்டுரையின் முக்கியமான நோக்கம். 1974-ல் சேம்பர்லினும் பாய்சும் கொண்டுவந்த சீக்வல் மொழிதான் பின்னர் எஸ்க்யூஎல் ஆனது. 1976-ல் பீட்டர் சென், என்னென்ன பொருள்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்று வரைந்து காட்டும் ஈஆர் மாடலைத் தந்தார். இந்தப் பெயர்களை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இவர்கள் செய்த வேலையின் பலன் என்ன? அடுக்கும் பாரத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்கு மிஞ்சியது ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்யும் வேலை. அதைத் தனியே உட்கார்ந்து செய்தால் நம் தப்பு நமக்கே தெரியாது. எதிரே ஒருவர் "அப்படி இல்லையே" என்று சொல்ல வேண்டும்.

அந்த நூலக ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் ஒரே மாதிரிதான் வரைகிறது. 'புத்தகம்' என்று ஒரு டேபிள்: எண், தலைப்பு, ஆசிரியர், இருப்பு. 'வழங்கல்' என்று இன்னொன்று: மாணவர் எண், புத்தக எண், தேதி. நூல் வெளியே போனால் இருப்பில் ஒன்று குறையும், திரும்பினால் ஒன்று கூடும். திரையில் அழகாக ஓடும்.

நான் கேட்பேன்: "இந்தத் தலைப்புல ஆறு காப்பி இருக்கு. ஒண்ணுல நடுப்பக்கம் கிழிஞ்சு வந்திருக்கு. கடைசியா யாரு எடுத்தாங்கன்னு உங்க டேட்டாபேஸ் சொல்லுமா?"

சொல்லாது. ஏனென்றால் அதில் புத்தகம் என்பது தலைப்பு மட்டும்தான். அலமாரியில் இருக்கும், கையில் எடுக்கிற, கிழிகிற, தொலைகிற பொருளுக்கு அந்த வடிவமைப்பில் இடமே இல்லை. கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் உள்ளே ஒரு அக்செஷன் நம்பர் இருக்கும். ஒரே நூலில் ஆறு காப்பி வாங்கினால் ஆறு எண். நூலகரின் அக்செஷன் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு காப்பிக்கும் தனி வரி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நூலகர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்! மூன்று வருடமாக அந்த நூலகத்தில் நூல் எடுத்த மாணவர்கள், ப்ராஜெக்ட்டுக்காக ஒருமுறைகூட அந்தப் பதிவேட்டைப் பார்க்கவில்லை.

ஆக டேபிள் மூன்றாகும். தலைப்புக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று, வழங்கலுக்கு ஒன்று. இருப்பு என்ற நெடுவரிசை தேவைப்படாது. எத்தனை காப்பி உள்ளே இருக்கிறது என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். எண்ணிச் சொல்லக்கூடியதைத் தனியாக எழுதி வைத்தால், ஒரு நாள் எண்ணிக்கையும் எழுத்தும் முரண்படும், எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும். நூலில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணையே பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியின் அடையாளம், ஆக்கலாமே என்று ஒருவர் கேட்பார். 1970-க்கு முந்தைய பழைய நூல்களில் அது பெரும்பாலும் இருக்காது. திரும்பாத நூலைத் திரும்பிய தேதியில் 'நல்' (null), அதாவது மதிப்பே இல்லை என்று வைத்துக் குறிக்கலாம். அப்படியானால் ஒரே காப்பி ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருப்பதை எப்படித் தடுப்பது? போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் ஒன்றை, திரும்பாத வரிகளுக்கு மட்டும் பொருந்தும்படி போட்டுவிடலாம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு மென்பொருளில் அது நேரடியாகக் கிடையாது, வேறு வழி யோசிக்க வேண்டும். இந்த ஒரு மணி நேர வாக்குவாதம்தான் பாடம். அந்த வாக்குவாதத்தில் இல்லாதவர் பாடத்தில் இல்லை.

ஒரே தகவல் பல இடத்தில் வராமல் டேபிள்களைப் பிரிக்கும் நார்மலைசேஷனிலும் இதே கதை. ஏ, பி, சி, டி என்று எழுத்தைக் கொடுத்தால் மூன்றாம் நார்மல் ஃபார்முக்கு அழகாகக் கொண்டுபோகிறார்கள், முழு மதிப்பெண். ப்ராஜெக்ட்டில் மாணவர் டேபிளுக்குள்ளேயே துறையின் பெயரும் துறைத் தலைவரின் பெயரும் இருக்கும். ஜூனில் தலைவர் மாறுகிறார். அறுபது வரியைத் திருத்த வேண்டும், இரண்டு விட்டுப்போகிறது. இப்போது ஒரே துறைக்கு இரண்டு தலைவர்கள். தேர்வில் எழுதிய விதி எதற்காக என்பது இப்படி ஒரு தடவை நடந்தால் புரிந்துவிடும்.

இணையத்துப் பயிற்சிகளில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதால் வரும் வேறு சங்கடமும் உண்டு. மாணவர் டேபிளில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு நெடுவரிசை, இரண்டும் நாட் நல், அதாவது காலியாக விடக் கூடாது. "உங்க குடும்பப் பெயர் என்னப்பா?" என்று கேட்டால் அந்தக் குழுவில் யாருக்குமே கிடையாது! எல்லாருக்கும் இனிஷியல்தான். தங்களுடைய பெயரையே ஒழுங்காகப் பதிய முடியாத ஒரு டேபிளை அவர்களே கட்டியிருக்கிறார்கள்.

கைபேசி எண்ணை இன்ட் என்ற முழு எண் வகையாகப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் இன்ட் தாங்கும் உச்ச மதிப்பு 2147483647. நம் கைபேசி எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும். ஒன்றுகூட உள்ளே போகாது. பொருந்தாத மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால் எரர் வரும். அணைத்து வைத்திருந்தால் நிலைமை மோசம்: எல்லாருடைய எண்ணும் 2147483647 என்றே பதிவாகும். வைவா திரையில் எட்டு மாணவர்களுக்கும் ஒரே கைபேசி எண்ணை நான் பார்த்திருக்கிறேன். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல, எழுத்துச் சரம்தான் என்று வைத்துக்கொண்டால் போதும்.

தமிழில் பெயரைச் சேமிக்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். முத்துலட்சுமி என்ற பெயரில் நாம் எண்ணுவது ஏழு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினிக் குறி தரும் யூனிகோடில் அது 13 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துச் சரத்துக்கான வார்சார் 30 என்றால் முப்பது குறிகள் என்று பொருள், பெயர் தாராளமாக அடங்கும். ஆரக்கிள் டேட்டாபேஸில் வார்சார்2 30 என்பது வேறாகச் சொல்லாவிட்டால் முப்பது பைட்தான், அடங்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்த குழுவுக்கு இது தெரியவே வராது.

இன்னொரு பதில், கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் தருவது: "ஃபாரின் கீ போட்டோம் மேடம், எரர் வந்துச்சு, எடுத்துட்டோம்." வழங்கலில் வரும் மாணவர் எண் மாணவர் டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் ஃபாரின் கீ. அந்த எரர்தான் டேட்டாபேஸ் உங்களுக்குச் செய்யும் காவல். இல்லாத மாணவருக்கு நூல் வழங்கப் பார்க்கிறீர்கள் என்று அது சொல்கிறது. பெரும்பாலும் காரணம் அற்பமானது. மாணவர் டேபிளை நிரப்பும் முன் வழங்கல் டேபிளை நிரப்பியிருப்பார்கள், அல்லது ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் பிக்இன்ட் என்று எண்ணின் வகை மாறியிருக்கும். காவலாளியை அனுப்பிவிட்டுத் திருட்டு இல்லை என்று சொல்ல முடியாது.

டேபிள்களை இணைக்கும் ஜாயின் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், வேலைக்கு வந்தபின் மிக அதிகமாகப் பணத்தைக் கெடுப்பது இதுதான். ஒரு மாணவி மூன்று நூல் எடுத்திருக்கிறாள். அபராதம் இரண்டு தடவை, 10 ரூபாயும் 20 ரூபாயும், மொத்தம் 30. மாணவர் டேபிளோடு வழங்கலையும் அபராதத்தையும் ஒரே வினவலில் சேர்த்துக் கூட்டினால் விடை 90 வரும். மூன்று வழங்கலும் இரண்டு அபராதமும் ஒன்றோடொன்று பெருகி ஆறு வரி ஆகிவிட்டன. எரர் எதுவும் வராது. திரையில் ஒரு எண் தெளிவாக நிற்கும், அது தப்பு. அபராதத்தைத் தனியாகக் கூட்டி, அந்த முடிவைப் பிறகு சேர்க்க வேண்டும். விடையைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் அளவுக்குச் சின்னத் தரவை வைத்துப் பழகினால் இது பிடிபடும். அதற்கு இன்னொரு ஜோடிக் கண் இருந்தால் நல்லது. குழு இருப்பது அதற்குத்தான்.

அதனால் குழுக்களிடம் நான் கேட்டுக்கொள்வது, வேலையைக் குறுக்கே வெட்டாதீர்கள், நெடுக்கே வெட்டுங்கள். ஒருவருக்கு எஸ்க்யூஎல், ஒருவருக்கு அறிக்கை என்று பிரிப்பது குறுக்கு வெட்டு. நூல் வழங்குவது ஒருவருக்கு, அபராதம் ஒருவருக்கு, புதிய நூல் பதிவது ஒருவருக்கு என்று பிரித்து, அவரவர் பகுதிக்கு டேபிள், வினவல், திரை, அறிக்கைப் பக்கம் எல்லாம் அவரவரே எழுதினால் அது நெடுக்கு வெட்டு. முதல் வாரம் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். நாலு பேரும் தனித்தனியாக ஒரு தாளில் ஈஆர் வரைபடம் போடுங்கள், பிறகு நாலையும் ஒரே மேஜையில் விரியுங்கள். எங்கெல்லாம் மாறுபடுகிறதோ அங்கெல்லாம் கேள்வி இருக்கிறது. டேபிள்களை உருவாக்கும் கட்டளைகள் ஒரே கோப்பில், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (git) மென்பொருளில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் 'ஃபைனல் 2' என்று சுற்றும் ஜிப் கோப்பை நம்பி, டெமோ அன்று காலை உடைந்துபோன குழுக்கள் ஏராளம். முடிந்ததும் ஒருவர் டேபிளில் இன்னொருவர் கெட்ட தரவைத் திணித்துப் பாருங்கள். நாளைய தேதியில் திரும்பிய நூல், பெயரே இல்லாத மாணவர், கழித்தல் குறியோடு அபராதம். எது உள்ளே போகிறதோ அது வடிவமைப்பின் ஓட்டை.

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் ஒழுங்கான டேபிள்களைத் தருகிறது. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் நூலகத்தில் ரெஃபரன்ஸ் காப்பி வெளியே போகாது என்பதும், தேர்வு மாதத்தில் அபராதம் உண்டா இல்லையா என்பதும் நூலகரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்டு வந்தவருக்குத்தான் அது தந்த டேபிளில் எது குறைகிறது என்று சொல்ல முடியும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வைவாவில் ஒவ்வொரு பகுதியையும் அதை எழுதாதவரிடம் கேளுங்கள். இது முன்கூட்டியே தெரிந்தால் குழு தானாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடும்.

போன முறை அப்படித்தான் கேட்டேன். அறிக்கை மட்டும் எழுதியதாகச் சொன்ன பெண்ணிடம் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, கிழிந்த பக்கத்துக் கதையைச் சொல்லி, டேபிளை மாற்றி வரையச் சொன்னேன். முதலில் தயங்கினாள். பிறகு 'புத்தகம்' என்ற கட்டத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்கினாள். ஒன்றில் தலைப்பு, ஆசிரியர். மற்றதில் அக்செஷன் நம்பர். வழங்கலில் இருந்து வந்த கோட்டை அழித்து இரண்டாவது கட்டத்துக்கு இழுத்தாள். பேனாவை வைக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அப்போ ஒருத்தர் ரிசர்வேஷன் போட்டா அதை எதோட சேக்கணும்? அவங்களுக்கு எந்தக் காப்பி வந்தாலும் ஓகேதானே. அப்போ அது தலைப்புக்குத்தானே போகணும்?"

பக்கத்தில் நின்ற மூன்று பேரும் நோட்டின் மேல் குனிந்தார்கள்.