காட்டில் தனியாகக் கிடக்கும் பூனைக்குட்டியைத் தூக்காதீர்கள்

இந்த வசந்தத்திலும் ஒரு அட்டைப்பெட்டி வந்துவிட்டது. உள்ளே பழைய துண்டு, கிண்ணத்தில் பசும்பால், சாம்பல் நிறத்தில் வரி போட்ட குட்டி. கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள்தான். ஜெர்மனியின் ஹைனிஷ் காட்டுக்கு நடக்கப் போனார்களாம், விழுந்த மரத்தடியில் கத்திக்கொண்டிருந்ததாம், யாரோ விட்டுப்போன குட்டி என்று தூக்கி வந்துவிட்டார்கள். கால்நடை மருத்துவராக இதே கதையை வருடாவருடம் கேட்டு நொந்துபோயிருக்கிறேன்.

அது வீட்டுப்பூனை இல்லை. ஐரோப்பியக் காட்டுப்பூனை.

துரிங்கியா மாநிலத்தில் இருக்கும் ஹைனிஷ், பீச் (beech) என்ற இலையுதிர் மரங்களின் பழமையான காடு. நெடுங்காலம் ராணுவப் பயிற்சிக்களமாக மூடிக்கிடந்ததால் பெரிதாக வெட்டுப்படாமல் தப்பியது. 1997 இறுதியில் தேசியப் பூங்காவானது, 2011-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். மட்கும் கட்டையில் வண்டும் காளானும், கருப்பு மரங்கொத்தி குடைந்த பொந்தில் வௌவாலும், சாய்ந்த மரத்தின் வேர்ப்பள்ளத்தில் காட்டுப்பூனையும் குடியிருக்கும். குட்டி கிடந்த இடம் அதன் வீடு.

"தனியா இருந்துச்சே டாக்டர்" என்பார்கள். தனியாகத்தான் இருக்கும்! காட்டுப்பூனையில் தகப்பன் குட்டி வளர்ப்பதில்லை. தாய் ஒருத்திதான். அவளுக்குப் பால் ஊற வேண்டுமானால் எலி பிடித்தாக வேண்டும், போனால் மணிக்கணக்கில் ஆகும். ஆபத்து என்று பட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றுவாள். நடுவில் நீங்கள் போய் நின்றால் ஒரு குட்டி மட்டும் மிச்சமிருப்பதுபோலத் தெரியும். "ரொம்ப நேரம் நின்னு பார்த்தோம், தாய் வரவே இல்ல" என்கிறீர்கள். நீங்கள் நின்றதால்தான் அவள் வரவில்லை.

வளர்ந்த காட்டுப்பூனைக்கு வால் தடிமனாக, கருவளையங்களோடு, நுனி மழுங்கி இருக்கும். குட்டியில் அதை வைத்து என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, முடியை மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொடுத்திருக்கும், வீட்டுப்பூனையின் வைரஸ் தொற்றியிருக்கும். கொஞ்சி வளர்த்தாலும் அது மடிப்பூனை ஆகாது. எடுத்துப் போவது சட்டப்படியும் குற்றம்.

ஆகவே தொடாதீர்கள், பால் வைக்காதீர்கள், படம் பிடிக்கக் குனியாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே நகருங்கள், பூங்கா அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நாயை வாரில் பிடியுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். ரத்தக்காயம் தெரிந்தாலோ, பக்கத்துச் சாலையில் தாய் அடிபட்டுக் கிடந்தாலோ, அப்போதும் முதலில் போன். தூக்குவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், காட்டை ஒட்டிய ஊர்களில் பூனை வளர்ப்பவர்களே, தயவுசெய்து கருத்தடை ஆபரேஷன் செய்து தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். உங்கள் பூனை இரவில் காட்டுக்குள் போகிறது, காட்டுப்பூனையோடு சேர்கிறது. கலப்புக் குட்டிகள் பெருகினால் காட்டுப்பூனை இனமே கரைந்துபோகும்.