புள்ளி எப்போது பலிக்கும்?

1936-இல் ஜான் உல்ஃப் என்ற ஆய்வாளர் சிம்பன்சிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவுகள் வெளியாயின. துளை வைத்த ஒரு பெட்டி. வட்ட வில்லையைத் துளையில் போட்டால் திராட்சை விழும். வெள்ளை வில்லைக்கு ஒரு திராட்சை, நீலத்துக்கு இரண்டு, பித்தளைக்கு ஒன்றுமில்லை. பழகியதும் சிம்பன்சிகள் பித்தளையை ஒதுக்கிவிட்டு நீலத்தையே தேடின. அப்புறம், வில்லை கிடைக்கும் என்றால் கனமான பிடியைத் தூக்கவும் தயாராயின. தின்ன முடியாத ஒரு துண்டுக்காக உழைத்தன.

உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் சாதனைக்குப் புள்ளி போடும் முறைக்கு அடிப்படை இதுதான். வீட்டுப்பாடம் முடித்தால் 2, மாதம் முழுக்கத் தவறாமல் வந்தால் 5, போட்டியில் வென்றால் 20 என்று எழுதிவைப்பார்கள். சேர்ந்த புள்ளிக்கு ஒரு பேட்ஜ், சான்றிதழ், சுற்றுலாவில் ஓர் இடம், அல்லது பலகையில் பெயர். புள்ளி என்பது வெறும் எண். இருந்தும் சில பள்ளிகளில் பதினைந்து வயதுப் பையன் அதற்காக அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து படிக்கிறான். வேறு சில பள்ளிகளில் அதே புள்ளியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பரிசு சின்னது, அதனால்தான் எடுபடவில்லை என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளும். அடுத்த வருடம் பரிசு பெரிதாகும், பையன்கள் அப்படியே இருப்பார்கள்.

1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் அய்லான், ஏஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்துப் பார்த்தார்கள். வார்டில் ஒரு வேலை செய்தால் டோக்கன், டோக்கனைக் கொடுத்துப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். வேலை நன்றாகவே நடந்தது. பிறகு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் டோக்கன் உண்டு என்று மாற்றினார்கள். வேலை ஏறக்குறைய நின்றே போனது. டோக்கனுக்கு மதிப்பு குறையவில்லை, கையில் வருவதும் குறையவில்லை. ‘இதைச் செய்ததால் இது வந்தது’ என்ற முடிச்சு மட்டும் அவிழ்ந்துவிட்டது. எந்தப் புள்ளி முறையையும் எடைபோட நான் முதலில் பார்ப்பது இந்த முடிச்சைத்தான்.

மூளையில் அந்த முடிச்சு விழுவதை நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் அளந்து பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் (நியூரான்கள்) படபடவென்று துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஓர் அறிகுறி வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு அறிகுறிக்கு இடம் மாறியது. சாறு வரும்போது சலனமே இல்லை. அறிகுறி வந்து சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அதாவது அந்த நியூரான்கள் பரிசின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போடுகின்றன. ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேக் மூவரும் 1997-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக முன்வைத்தது. வகுப்புக்கு வந்த எல்லாருக்கும் தினமும் 1 புள்ளி போடுகிற முறை ஏன் ஒரு மாதத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

முடிச்சு அவிழ்வதற்குச் சுலபமான வழி, தாமதம். சிகாகோ வட்டாரப் பள்ளிகளில் லெவிட், லிஸ்ட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்புதான் மாணவர்களுக்குப் பரிசு பற்றிச் சொன்னார்கள். தேர்வு முடிந்த உடனே பரிசு என்றபோது மதிப்பெண் உயர்ந்தது. அதே பரிசு ஒரு மாதம் கழித்து என்றபோது பலன் இல்லை. ஆண்டு விழா மேடையில் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும் பள்ளிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். ஜூனில் செய்ததற்கு மார்ச்சில் கிடைக்கும் கோப்பை பெற்றோருக்கான நிகழ்ச்சி. படிப்போடு அதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை.

அடுத்தது, புள்ளியை எதில் கட்டுகிறோம் என்பது. பொருளாதார ஆய்வாளர் ரோலண்ட் ஃப்ரையர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றிய சின்ன வினாடிவினாவில் தேறினால் 2 டாலர். நியூயார்க்கில் பெரிய பிள்ளைகளுக்குத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணுக்கேற்ப பணம். ஏழாம் வகுப்புக்கு ஒரு தேர்வுக்கு 50 டாலர் வரை. டாலஸில் வாசிப்புத் திறன் கூடியது. நியூயார்க்கில் ஒன்றும் நகரவில்லை. ஆர்வம் இல்லாமல் போகவில்லை, பணம் யாருக்குக் கசக்கும்? இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்யலாம் என்று கேட்டபோது, நியூயார்க் மாணவர்கள் கேள்வியைக் கவனமாகப் படிப்போம் என்ற ரகத்தில் பதில் சொன்னார்கள். பாடத்தை எப்படிப் படிப்பது என்று அவர்கள் பேச்சு போகவில்லை. 2 டாலர் வேண்டுமென்றால் என்ன செய்வது என்று டாலஸ் குழந்தைக்குத் தெரியும்: புத்தகத்தைத் திற. 85 மதிப்பெண் வேண்டுமென்றால்? அது யாராவது சொல்லித்தர வேண்டிய விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 பேர் உள்ள வகுப்பு. முதல் மூன்று இடத்துக்கு 50, 30, 20 புள்ளி. ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்து கணிதத்தில் 35-இலிருந்து 48-க்கு வருகிறாள். அவளுக்குக் கிடைப்பது 0. எப்போதும் முதலில் வருபவன் 95-இலிருந்து 94-க்கு இறங்கினாலும் அவனுக்கு 50. வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, படித்தாலும் படிக்காவிட்டாலும் விடை ஒன்றுதான். மருத்துவமனையில் சும்மா கொடுத்த டோக்கனின் மறுபக்கம் இது. அங்கே எது செய்தாலும் கிடைத்தது, இங்கே எது செய்தாலும் கிடைக்காது. முன் தேர்வைவிடக் கூடிய ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் 1 புள்ளி என்று மாற்றினால் அவளுக்கு 13. முதல்வனுக்கு ஏறுவதற்கு இடமே இல்லை என்ற குறை வரும். அவனுக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்து அதற்குத் தனிப் புள்ளி போடுவதுதான் வழி. அப்படியும் ஒரு ஓட்டை உண்டு. முதல் தேர்வில் வேண்டுமென்றே குறைவாக எடுத்துவிட்டு அடுத்ததில் அள்ளுகிற கெட்டிக்காரன் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான்.

பூஜ்யத்தில் தொடங்குவதே ஒரு தடை. நூனஸ், ட்ரெஸ் இருவரும் 2006-இல் கார் கழுவும் கடை ஒன்றில் இதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு முத்திரை, அட்டை நிறைந்தால் ஒரு முறை இலவசம். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்க்க வேண்டிய அட்டை. மீதிப் பேருக்கு 10 கட்டம், அதில் 2 ஏற்கெனவே குத்தியது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் குழுவில் 19 சதவீதம் பேரும் இரண்டாவதில் 34 சதவீதம் பேரும் அட்டையை முடித்தார்கள்.

சரி, புள்ளி கொடுப்பதால் கெடுதலே இல்லையா? உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, முதல் குழு வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறத்தாழ பாதிதான். ஆசைக்கு வரைந்தது கூலிக்கு வரைந்ததாகிவிட்டது. சொல்லாமல் கொடுத்த சான்றிதழ் எதையும் கெடுக்கவில்லை.

இதை வைத்துப் புள்ளியே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. இந்தச் சேதம் ஏற்கெனவே பிடித்த வேலைக்குத்தான். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் கெடுவதற்கு ஆசை எங்கே இருக்கிறது? டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் எழுதியதிலும், வாயால் பாராட்டுவது ஆர்வத்தைக் கூட்டுவதாகவே வந்தது, பெரியவர்களிடம் குறிப்பாக. ‘இவ்வளவு செய்தால் இது’ என்று முன்கூட்டியே பேரம் பேசிக் கையில் கொடுக்கும் பரிசுதான் ஆர்வத்தைக் குறைத்தது.

ஆகவே கதைப் புத்தகத்தில் தானாகவே மூழ்கிக் கிடக்கும் பெண்ணுக்குப் பக்கக் கணக்கில் புள்ளி போடாமல் விடலாம். 35-இலிருந்து 48-க்கு வந்தவளுக்கு, விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிற அன்றே 13 போட்டு, பக்கத்தில் ஒரு வரியும் எழுதலாம்: “பின்னத்தை இப்போது சரியாகச் சுருக்குகிறாய், அடுத்தது சமன்பாடு.”