கப்பலுக்கு அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள்

கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி நேரத்தில் துணியை இஸ்திரிக்குக் கொடுக்க என் கடைக்கு வருவார்கள். பாதிப் பேராவது கேட்பது இதுதான்: "சின்ன அயர்ன் பாக்ஸ் ஒண்ணு பெட்டியில வெச்சுக்கட்டுமா சார்?"

வேண்டாம். கப்பலில் ஏறும்போதே பெட்டியை ஸ்கேன் செய்து பார்த்து அதை எடுத்து வைத்துவிடுவார்கள். இறங்கும் நாளில் வரிசையில் நின்று திரும்ப வாங்க வேண்டும். ஆவி விட்டுச் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமருக்கும் இதே கதிதான். "காசு பிடுங்கத்தான் இப்படி, அவங்க லாண்டரியில போட வைக்கறாங்க" என்று பலர் முணுமுணுப்பார்கள். லாண்டரியில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தடைக்குக் காரணம் பணம் இல்லை, தீ.

பயணிகள் கப்பல்களின் லாண்டரியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது மேற்கு மாம்பலத்தில் சொந்தமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறேன். 2022 ஜூனில் கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்தபிறகு, கப்பல் பயணம் நம்மூர்க்காரர்களுக்கும் எட்டுகிற விஷயமாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை அலாஸ்காவுக்கோ கரீபியனுக்கோ கப்பலில் அழைத்துப் போவதும் சாதாரணமாகிவிட்டது. சென்னையிலிருந்து இரண்டு மூன்று இரவு போய் வருகிறவர்கள் துணி துவைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நாலு செட் கூடுதலாக எடுத்துப் போங்கள், போதும். ஒரு வாரம், அதற்கு மேல் என்று போகிறவர்களுக்குத்தான் நான் சொல்வது உதவும்.

முதலில் அந்தத் தீயைச் சொல்லிவிடுகிறேன். 1996 ஜூலை 27 அதிகாலையில் அலாஸ்கா கடலில் போய்க்கொண்டிருந்த யுனிவர்ஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பலின் பெரிய லாண்டரியில் தீப்பிடித்தது. புகை ஊழியர்கள் தூங்கும் பகுதிக்குப் பரவி ஐந்து ஊழியர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1998 ஜூலை 20 அன்று, மயாமியிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே எக்ஸ்டஸி என்ற கார்னிவல் நிறுவனக் கப்பலில் தீ. அதுவும் லாண்டரியில்தான் ஆரம்பித்தது. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் மெஷினை வெல்டிங் வைத்துப் பழுது பார்த்திருக்கிறார்கள். பொறி பறந்து, சேர்ந்து கிடந்த பஞ்சுத் தூசியைப் பிடித்துக்கொண்டது. காற்றோட்டக் குழாய்க்குள்ளும் அதே பஞ்சுத் தூசி அடைந்திருந்ததால், தீ அந்த வழியாகவே கப்பலின் பின்பக்கம் போய், கரையில் கட்டும் கயிறுகள் இருந்த தளத்தைக் கொளுத்திவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பயணிகள் இருந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

இதனால்தான் கப்பல் லாண்டரியில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது துவைக்க அல்ல, டிரையரின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்ய. ஷிஃப்டுக்குள் பலமுறை செய்ய வேண்டும், செய்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கப்பலில் ஏறும் முன் எங்கள் எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி கட்டாயம். நடுக்கடலில் ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட முடியாது, தண்ணீர்க் குழாயைப் பிடித்து நிற்கப் போவது நாங்கள்தான். ஆயிரக்கணக்கான கேபின்கள் உள்ள கப்பலில் ஆளுக்கொரு அயர்ன் பாக்ஸ் இருந்து, ஒருத்தர் அணைக்காமல் டின்னருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மசாஜ் செய்யும் இடத்திலிருந்து வரும் எண்ணெய்த் துண்டுகளும், சமையலறையின் எண்ணெய்த் துணிகளும்தான் எங்களுக்குப் பெரிய பயம். சில எண்ணெய்கள் ஒரே சலவையில் முழுசாகப் போகாது. மிச்சம் இருப்பது டிரையரில் சூடாகும். அந்தச் சூட்டோடு துண்டுகளை மடித்து அடுக்கினால், நடுவில் இருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மேலும் சூட்டைக் கிளப்பும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, சில மணி நேரம் கழித்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல் குவியல் தானாகப் புகையும். டிரையர் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாத காற்றை ஊதுவது இதைத் தடுக்கவும்தான். இங்கே இதைச் சொல்லக் காரணம் உண்டு. சென்னையில் இப்போது அடுக்குமாடி வீடுகளில் டிரையர் வந்துவிட்டது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்த துண்டைத் துவைத்து டிரையரில் போடுகிறவர்கள், பாதியில் நிறுத்திச் சுடச்சுட மடித்து அலமாரியில் திணிக்காதீர்கள். உதறி, ஆறவிட்டு மடியுங்கள். வெயில் இருக்கிற ஊரில் அந்தத் துண்டைக் கொடியில் போடுவதே மேல் என்பது என் கட்சி.

சரி, உங்கள் துணிக்கு வருவோம்.

லாண்டரி இருப்பது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளங்களில். ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்பு, துண்டு, மேஜை விரிப்பு எல்லாம் டன்னல் வாஷர் என்ற நீளமான மெஷினில் ஒரு பக்கம் அழுக்காக நுழைந்து மறுபக்கம் சுத்தமாக வெளியே வரும். பிறகு நீராவியில் சூடான உருளைகள் அவற்றைக் காயவைத்து இஸ்திரியும் போட்டு மடிக்கும் மெஷினுக்குத் தள்ளும். பயணிகளின் உடைகள் அதில் போகாது, அதற்குத் தனியாகச் சின்ன மெஷின்கள் உண்டு. ஆனாலும் சலவை மருந்தும் சூடும் வேகமும் தொழிற்சாலைக் கணக்குதான். வீட்டில் நீங்கள் கையால் அலசிப் பழக்கிய துணிக்கு அது முரட்டு அடி.

தண்ணீர் பற்றிக் கேட்பார்கள், "உப்புத் தண்ணியிலயா துவைக்கறாங்க?" என்று. இல்லை. கடல் நீரைக் காய்ச்சி வடித்தோ, நம்ம மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் செய்வதுபோல் சவ்வு வழியாக வடிகட்டியோ நல்ல தண்ணீர் ஆக்குகிறார்கள். ஏசி மெஷினில் வடியும் தண்ணீரையும் பல கப்பல்களில் லாண்டரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். உண்மையில் அது நம் போர்வெல் தண்ணீரைவிட எத்தனையோ மேல், வெள்ளைச் சட்டை பழுப்படிக்காது. ஒரு சிக்கல், துறைமுகத்தில் நிற்கும்போது அங்கிருக்கும் அழுக்குக் கடல் நீரை எடுத்து இப்படித் தண்ணீர் தயாரிக்க மாட்டார்கள். துவைத்த கழிவு நீரைச் சில இடங்களில் கரையருகே விடவும் கூடாது, தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும். அதனால் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் லாண்டரியின் வேகம் குறையலாம். துணி ஒரு நாள் தாமதமாக வந்தால் கேபினைக் கவனிக்கும் ஸ்டூவர்டைத் திட்டாதீர்கள், பாவம், பையைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும்தான் அவர் வேலை.

கேபின் அலமாரியில் ஒரு பையும் ஒரு படிவமும் இருக்கும். சட்டை எத்தனை, பேன்ட் எத்தனை என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். துவைத்து மடிப்பது, இஸ்திரி மட்டும், டிரை கிளீனிங் என்று தனித்தனியாக இருக்கும், கஞ்சி வேண்டுமா வேண்டாமா என்றுகூடக் கேட்பார்கள். அவசரம் என்று போட்டால் பாதிக்குப் பாதி கூடுதல் கட்டணம் ஆகும். துணிக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் வழக்கம். நடுவில் ஒரு நாள் "ஒரு பை நிறைய இவ்வளவு" என்று சலுகை வரும், அதுதான் மலிவு. ஆனால் அந்தச் சலுகையில் இஸ்திரி கிடையாது, பெரும்பாலும் பை மொத்தமும் ஒரே சலவையாகப் போகும். வெள்ளை பனியனையும் புது ஜீன்ஸையும் ஒரே பையில் போட்டுவிட்டு எங்களைக் கேட்காதீர்கள்! பழைய டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, சாக்ஸ், இவைதான் அந்தப் பைக்குச் சரி.

எண்ணிக்கையை அவசரத்தில் எழுதாதீர்கள். நாங்கள் கீழே மறுபடி எண்ணுவோம். உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துவராவிட்டால் பொதுவாக எங்கள் கணக்கே செல்லும் என்று படிவத்தின் பொடி எழுத்தில் போட்டிருக்கும். சாயம் போனாலும் சுருங்கினாலும் பொறுப்பில்லை, தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்பதும் அங்கேயே இருக்கும். பையைக் கட்டும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு துணிக்கும் கேபின் எண்ணோடு ஒரு சீட்டு ஒட்டுவோம் அல்லது குத்துவோம். இங்கே பழைய சலவைக்காரர்கள் சேங்கொட்டைப் பாலில் வைத்த குறி ஜென்மத்துக்கும் போகாது. கப்பல் சீட்டு உரிந்து போகும். ஆகவே விலை உயர்ந்த துணியைக் கொடுக்கவே வேண்டாம்.

நம்மவர்களின் துணிமணிக்கென்று சில விஷயம். கப்பல் லாண்டரியில் இருப்பவர்களில் பலருக்குப் பட்டுப் புடவை என்றால் என்ன செய்வதென்று தெரியாது. ஆறு கஜமா, விரிப்பு மாதிரி இருக்கிறதே என்று குழம்புவார்கள். ஜரிகையில் வெள்ளிப் பூச்சு இருந்தால் தவறான மருந்து பட்டதும் கறுத்துவிடும். பட்டைக் கப்பலில் துவைக்கக் கொடுக்காதீர்கள், கட்டியதும் நிழலில் ஆறவிட்டு மடித்து ஊருக்குக் கொண்டு வாருங்கள். சுங்குடி, கைத்தறிப் பருத்தி, இரண்டு மூன்று சலவை காணாத எதுவும் சாயம் விடும். வேட்டியை "இஸ்திரி மட்டும்" என்று கொடுத்தால் பிரச்சினை இல்லை. ரவிக்கையில் குத்திய ஊக்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், அது இன்னொருவர் துணியையும் கிழிக்கும். ஸ்டிக்கர் பொட்டு டிரையர் சூட்டில் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் பேனாவும் டிஷ்யூவும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் காது மெஷினைச் சட்டைப் பையில் வைத்து மறப்பது உண்டு, அதைத் துவைத்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் மஞ்சள். சாம்பாரோ குழம்போ சிந்திய சட்டை காரத்தன்மை அதிகமான சோப்பில் விழுந்தால் மஞ்சள் கறை சிவந்துவிடும், ரத்தக் கறை என்று எண்ணிக் கீழே பதறுவார்கள். படிவத்தில் கறை எங்கே, என்ன கறை என்று ஒரு வரி எழுதுங்கள். நம் வீட்டில் வெயிலில் காயப்போட்டதும் மஞ்சள் வெளுத்துவிடும். அங்கே அந்த வசதி இல்லை.

இதையெல்லாம்விட முக்கியம், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காதீர்கள். இவற்றை உண்டாக்கும் நோரோ வைரஸ் கப்பல்களில் வேகமாகப் பரவுவது. அசிங்கப்பட்ட துணியைப் பாத்ரூமில் தாங்களே அலசிவிட்டு, மீதியைச் சாதாரண பையில் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. கூச்சம் புரிகிறது, ஆனால் அந்தப் பையைத் திறந்து வெறும் கையால் எண்ணப் போகிறவன் ஒரு மனுஷன். போனில் சொன்னால் தனியாக ஒரு பை கொண்டு வருவார்கள், வழக்கமாக அது சிவப்பு நிறத்தில் இருக்கும். தண்ணீரில் கரையும் வகைப் பையும் உண்டு, திறக்காமலே அப்படியே மெஷினில் போட்டுச் சூடான தண்ணீரில் துவைக்கலாம். யாரும் உங்களைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள், மாதத்தில் எத்தனையோ முறை செய்கிற வேலை அது.

நீங்களே துவைத்துக்கொள்ள மெஷின் உண்டா என்பது கம்பெனியைப் பொறுத்தது. குனார்டிலும் வைக்கிங் கடல் கப்பல்களிலும் பயணிகளுக்கான மெஷின்கள் இலவசம். பிரின்சஸில் காசு கொடுத்துப் போடலாம். ராயல் கரீபியனில் இந்த வசதியே கிடையாது. மெஷின்கள் இருக்கும் அறைகளில்தான் அயர்ன் பாக்ஸும் வைத்திருப்பார்கள், சொந்த அயர்ன் பாக்ஸ் தேவைப்படாததற்கு இது இன்னொரு காரணம். நாள் முழுக்கக் கடலில் போகும் நாட்களில் அங்கே கூட்டம் அம்மும். எல்லோரும் ஊர் சுற்ற இறங்கிய நேரமோ, ராத்திரிச் சாப்பாட்டு நேரமோ பார்த்துப் போங்கள். ஒரே கம்பெனியில் அடிக்கடி போகிறவர்களுக்கு லாண்டரியே இலவசமாவதும் உண்டு, டிக்கெட் போட்ட பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

உள்ளாடைகளைப் பாத்ரூமிலேயே அலசிக்கொள்வது நம் வீட்டுப் பெண்களுக்குச் சங்கடமில்லாத வழி, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அலசியதை ஒரு பெரிய துண்டின் மேல் பரப்பி, துண்டோடு சுருட்டி முறுக்குங்கள், பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். ஷவர் இருக்கும் இடத்தில் இழுத்து மாட்டும் கொடி பல கேபின்களில் உண்டு. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும். ரங்கநாதன் தெருவிலோ பாரிமுனையிலோ நாலு கொக்கி வாங்கிப் போங்கள். பால்கனியில் மட்டும் துணி காயப்போடாதீர்கள். காற்றில் பறந்து கடலுக்குப் போவது ஒரு பக்கம், கம்பெனிகள் அதைத் தடுத்தும் வைத்திருக்கின்றன.

சாதாரண சலவைக்கு இரண்டு நாள் ஆகும். இறங்குவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் துணி வாங்க மாட்டார்கள். ஆகவே ஏழு நாள் பயணம் என்றால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கொடுத்துவிடுங்கள். துணி திரும்பி வந்ததும் பையைப் பிரித்து, போட்டோவோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். குறைந்தால் அன்றைக்கே வரவேற்பு கவுன்டரில் எழுத்தில் கொடுங்கள். கப்பலில் இருக்கும்வரை தேடிக் கண்டுபிடித்துவிடுவோம், அநேகமாகப் பக்கத்து கேபினில் இருக்கும். நீங்கள் இறங்கிய சில மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறி, புது அழுக்கு மூட்டைகள் கீழே வர ஆரம்பித்துவிடும். அப்புறம் சென்னையிலிருந்து ஈமெயில் போட்டு ஒரு சட்டையைத் தேட வைப்பது நடக்கிற காரியம் இல்லை.